நிலத்துக்கு நின்ற கடிகாரம்: குழந்தைகளின் முறையீடும் காலவரம்பும்

(நீள்பதிவு. சட்டம், வரலாறு, சமூகப்பணி பயிலும் நண்பர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

ஒரு குழந்தை அரசின் பராமரிப்பிலோ, அரசிடம் பதிவு பெற்ற காப்பகத்திலோ வளர்கிறது. அங்கே அதற்கு ஒரு தீங்கு நேர்கிறது. அத்தீங்கைப் பற்றி முறையிட அக்குழந்தைக்கு எவ்வளவு காலம் உண்டு?

எளிமையான கேள்வி, ஆனால் இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒற்றை விடை இல்லை. ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு, வரம்பே இல்லை என்று நான்கு விடைகள் உள்ளன. எது பொருந்தும் என்பது தீங்கின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று. எந்தக் கதவைத் தட்டுகிறோம், காவல் நிலையத்தில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பவற்றையும் பொறுத்தது. இந்த நிலை ஒரே நாளில் உருவானதன்று. இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சட்ட வரலாற்றில் வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவு இது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியச் சட்டம் குழந்தையின் சொத்துக்காகக் கடிகாரத்தை மிக முன்னதாகவே நிறுத்திவைத்தது, குழந்தையின் உடலுக்காக நிறுத்த அதற்குத் தோன்றவில்லை.

1. ஒரு சொல், இரு பொருள்

‘காலவரம்பு’ என்னும் சொல்லைத் தமிழில் இரு வேறு பொருள்களுக்கு நாம் ஒருங்கே ஆள்கிறோம். முறையிடுவோர் இத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பது ஒன்று. முறையீட்டைப் பெற்ற அலுவலர் இத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது மற்றொன்று. பேச்சுவழக்கில் இரண்டாவதற்குக் ‘கெடு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இப்பதிவில் முன்னதைக் காலவரம்பு என்றும் பின்னதைக் கெடு என்றும் வேறுபடுத்தியே எழுதுகிறேன்.

வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. காலவரம்பு தவறினால் முறையிட்டவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு அதை எழுப்பாவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். கெடு தவறினால் பெரும்பாலும் அலுவலருக்கு எதுவும் நேர்வதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலக் குழு தன் முன் வரும் குழந்தையைப் பற்றிய விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடித்து இறுதி ஆணை பிறப்பிக்குமாறு சொல்கிறது. முடிக்காவிட்டால்? குழந்தை காப்பகத்திலேயே தொடர்ந்து இருக்கும். காலத்தின் சுமை எளியவர்மேல் இரும்பாகவும் வலியவர்மேல் பஞ்சாகவும் விழுகிறது என்பதை இந்த இரு சொற்களின் வேறுபாடே காட்டிவிடுகிறது.

கெடுவைக் குழந்தையின் பக்கம் நிறுத்திய அரிய தீர்ப்பு ஒன்று உண்டு. சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களைப் பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின்மேல் ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்பட்டால், புலனாய்வு மூன்று மாதத்தில் முடியவேண்டும், இல்லையேல் வழக்கு முடிக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்றது. அரசு தாமதித்தால் அரசே இழக்கவேண்டும் என்ற தர்க்கம் அது. இன்றைய சட்டத்தின் 14ஆம் பிரிவிலும், சிறு குற்றங்களைப் பொறுத்தவரை, நீட்டிக்கப்பட்ட காலத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கை அற்றுப்போகும் என்று அத்தர்க்கம் உயிரோடு இருக்கிறது. ஆனால் இவை குழந்தை குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கும் இடங்கள். குழந்தை குற்றம் சாட்டும் இடத்தில் நிலை வேறு.

2. குடிமைச் சட்டம்: 1793 முதல் 1963 வரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வழக்குகளுக்குப் பொதுவான காலவரம்பு வங்காளத்தில் 1793ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறை விதியாலும், சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குமுறை விதியாலும் வந்தது. பன்னிரண்டு ஆண்டு கடந்த வழக்கை ஏற்கலாகாது என்பது பொதுவிதி. உரியவர் வயதுக்கு வராதவராக இருந்தார் என்பது, அவ்விதிக்குத் தொடக்கத்திலேயே ஏற்கப்பட்ட விலக்கு. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களில் 1623ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் செல்லுபடியானது.

இந்த இரட்டை ஏற்பாட்டை நீக்கி நாடு முழுமைக்குமாக வந்த முதல் காலவரம்புச் சட்டம் 1859ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். அதன்பின் 1871, 1877, 1908, 1963 என நான்கு முறை அது மாற்றி எழுதப்பட்டது. வாசகங்கள் மாறின, அட்டவணைகள் வளர்ந்தன, ஒரு கருத்து மட்டும் மாறவேயில்லை. வயதுக்கு வராதவருக்கு எதிராகக் கடிகாரம் ஓடாது. இன்றைய சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, வழக்கிடும் உரிமை தோன்றும்போது ஒருவர் வயதுக்கு வராதவராக இருந்தால், வயது நிறைந்த பின்னரே அவருக்கான காலம் எண்ணப்படும். 8ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு உச்சவரம்பு விதிக்கிறது. 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம் பொதுவான வயதை 18 என்று நிறுவியபின், இக்கணக்கு தெளிவான எண்ணாயிற்று: பதினெட்டோடு மூன்று, இருபத்தொன்று.

இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. மூன்றாண்டு என்பது உச்சம், உறுதியளிக்கப்பட்ட அளவன்று. அட்டவணையில் ஒரு வழக்குக்கு ஓராண்டே தரப்பட்டிருந்தால், வயது வந்தபின்னும் ஓராண்டுதான். இனி அட்டவணையைப் பாருங்கள். காப்பாளர் தம் பொறுப்பிலிருந்த குழந்தையின் சொத்தை விற்றுவிட்டால், அதை ரத்துச் செய்ய வயது வந்ததிலிருந்து மூன்றாண்டு. இது 60ஆம் இனம். முறைகேடாக அடைத்துவைத்ததற்கு இழப்பீடு கேட்க, அடைப்பு முடிந்ததிலிருந்து ஓராண்டு. இது 73ஆம் இனம். ஒரு சட்டத்தின் கீழ் செயல்படுவதாகச் சொல்லிச் செய்த செயலுக்கோ, செய்யாமல் விட்டதற்கோ இழப்பீடு கேட்கவும் ஓராண்டே. இது 72ஆம் இனம். காப்பகக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் நலக் குழு என எல்லாரும் ஒரு சட்டத்தின் கீழ் செயல்படுபவர்களே. ஆகவே அவர்களுக்கு எதிரான இழப்பீட்டு வழக்கைக் குறுகிய அந்தச் சந்துக்குள் தள்ள வாதிட இடமிருக்கிறது. அரசை எதிர்த்து வழக்கிட இரண்டு மாத முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவும் உண்டு. அந்த இரண்டு மாதம் காலவரம்பில் கழிக்கப்படும் என்பது ஒரு சிறு ஆறுதல்.

3. ‘மைனர்’ என்னும் சொல் தமிழுக்கு வந்த வழி

மொழியியல் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லின்மேல் சற்றே நிற்க விரும்புகிறேன். சட்டத் தமிழில் ‘இளவர்’ என்ற ஆக்கம் இருந்தாலும், மக்கள் வாயில் வழங்குவது ‘மைனர்’ தான். அச்சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள்: மைனர் சொத்து, மைனர் பங்கு, மைனர் கையெழுத்து செல்லாது. இன்னொரு பக்கம் மைனர் செயின், ஊர் சுற்றும் மைனர். சொத்துள்ள வீட்டுப் பிள்ளை என்ற பொருளிலிருந்தே, கைக்காசை இறைக்கும் சொகுசுக்காரன் என்ற பொருள் கிளைத்தது என்று கருத இடமுண்டு. சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டு விதியால் அமைந்த ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் அமைப்பு, வயதுக்கு வராத ஜமீன் வாரிசுகளின் சொத்தை ஆண்டு வந்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

‘மைனர் காயம்’ என்றோ ‘மைனர் முறையீடு’ என்றோ குழந்தையைக் குறித்து நாம் சொல்வதில்லை. அச்சொல் நம்மிடையே குடியேறியபோதே பத்திரத்தோடும் பட்டாவோடும் வந்து குடியேறியது. சொத்தில்லாத குழந்தையைக் குறிக்க வேறு சொற்கள் இருந்தன: அநாதை, திக்கற்றது, கேட்பாரற்றது. கடைசிச் சொல்லை மீண்டும் ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். கேட்பார் இல்லாதது. காலவரம்புச் சட்டம் கடிகாரத்தை நிறுத்தி வைத்தபோது அதன் கண்முன் நின்றது கேட்பாரற்ற குழந்தையன்று. காப்பாளர் ஏமாற்றிவிடக்கூடிய வாரிசு.

4. 1973: குற்றவியல் சட்டத்தில் கடிகாரம்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் குற்றங்களுக்குப் பொதுவான காலவரம்பு கிடையாது. சில தனிச் சட்டங்களில் மட்டும் இருந்தது. பொதுக் காலவரம்பு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. காரணங்கள் நியாயமானவை. காலம் செல்லச் செல்லச் சாட்சிகளின் நினைவு மங்கும். பழைய சிறு குற்றத்துக்காக ஒருவரைக் காலமெல்லாம் அச்சத்தில் வைப்பது முறையன்று. காவல்துறை விரைந்து இயங்க ஒரு நெருக்குதல் வேண்டும்.

அதன்படி 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் அத்தியாயம் உருவானது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதம். ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்கு உரியதற்கு ஓராண்டு. ஓராண்டுக்கு மேல், மூன்றாண்டுக்கு மேற்படாதவற்றுக்கு மூன்றாண்டு. அதற்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு வரம்பில்லை.

இந்த அத்தியாயத்தில் கடிகாரம் எப்போது தொடங்கும், எந்தெந்த நாள்கள் கழிக்கப்படும் என்று விரிவாகச் சொல்லும் பிரிவுகள் உள்ளன. அரசின் முன்அனுமதி பெற ஆன காலம் கழிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவர் வெளிநாட்டிலோ தலைமறைவாகவோ இருந்த காலம் கழிக்கப்படும். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்த காலம்? அது இப்பட்டியலில் இல்லை. 1859 முதல் குடிமைச் சட்டத்தில் இடைவிடாமல் இருந்து வந்த விலக்கு, 1973இல் குற்றவியல் சட்டத்துக்குள் கடந்து வரவில்லை. தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தாலோ, நீதியின் நலனுக்குத் தேவை என்றாலோ நீதிமன்றம் ஏற்கலாம் என்ற 473ஆம் பிரிவு மட்டுமே மிச்சம். அது நீதிபதியின் விருப்புரிமை, குழந்தையின் உரிமையன்று.

இதை வெறும் கவனக்குறைவு என்று கடந்துவிட முடியாதபடி செய்யும் இன்னொரு சட்டம் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரல் 1. அதே நாளில் பொருளாதாரக் குற்றங்களுக்குக் காலவரம்பு பொருந்தாமைச் சட்டம், 1974 என்பதும் நடைமுறைக்கு வந்தது. வருமான வரி, செல்வ வரி, மத்தியக் கலால் முதலிய சட்டங்களின் கீழான குற்றங்களுக்கு 36ஆம் அத்தியாயம் பொருந்தாது என்றது அது. எந்தக் குற்றங்களுக்குக் கடிகாரம் பொருந்தாது என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து பட்டியலிட்டது. கருவூலம் அப்பட்டியலில் இடம்பெற்றது. காப்பகத்துக் குழந்தை இடம்பெறவில்லை.

5. காப்பகச் சட்டங்கள்: 1920 முதல் 2015 வரை

குழந்தைகளைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்து வைக்கும் முயற்சி 1876, 1897ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்களில் உருப்பெற்றது. 1919–20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைக் குழு தனிச் சட்டங்களை வலியுறுத்திய காலத்தில், சென்னை 1920இலும், வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் குழந்தைகள் சட்டங்களை இயற்றின. நாடு தழுவிய முதல் இளைஞர் நீதிச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டு, 1987 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் அது புதிதாக எழுதப்பட்டது.

இச்சட்டங்களில் காலவரம்பு என்ற சொல்லே இல்லை. அதனால்தான் நம் கண்ணில் படாமல் போகிறது. அது தண்டனையின் அளவுக்குள் ஒளிந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை என்றன. 36ஆம் அத்தியாயத்தோடு சேர்த்துப் படித்தால், அக்குற்றத்துக்கான காலவரம்பு ஓராண்டு. ஆக 1987 அக்டோபர் முதல் 2016 ஜனவரி வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், காப்பகத்தில் நேர்ந்த கொடுமையைக் குறித்து அச்சிறப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர ஓராண்டுதான் இருந்தது. கொடுங்காயம், பாலியல் வன்முறை முதலியவற்றுக்குத் தண்டனைச் சட்டத்தில் வரம்பில்லாத பிரிவுகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் பட்டினி போடுதல், அடைத்து வைத்தல், நோயைக் கவனியாது விடுதல் ஆகிய அன்றாடக் கொடுமைகளுக்கு உரியதாக இருந்தது இச்சிறப்புப் பிரிவே.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இங்கே ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தது. கொடுமைக்குப் பொதுத் தண்டனை மூன்றாண்டு வரை. ஆனால் குழந்தையின் பராமரிப்பை ஏற்ற நிறுவனத்தில் பணியாற்றுபவரோ அதை நடத்துபவரோ அக்குற்றத்தைச் செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவல். மூன்றாண்டைத் தாண்டியதால் காலவரம்பு தானாகவே விலகிவிட்டது. தண்டனையைக் கூட்டிய வேகத்தில் கதவும் திறந்துகொண்டது.

ஆனால் அதே சட்டத்தின் 82ஆம் பிரிவைப் படியுங்கள். காப்பகத்தில் ஒழுங்குபடுத்தும் நோக்கோடு குழந்தையை உடல்வருத்தத் தண்டனைக்கு உள்ளாக்கினால், முதல் முறை தண்டனை பத்தாயிரம் ரூபாய் அபராதம். அபராதம் மட்டும். எனவே ஆறு மாதம். ஒரே பிரம்படியை 75 என்று எழுதினால் வரம்பில்லை. 82 என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம். கடிகாரத்தின் முள் வழக்கெழுதும் அலுவலரின் பேனா முனையில் இருக்கிறது.

போக்சோ சட்டத்திலும் இந்தப் பிளவு உண்டு. 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் காலவரம்புப் பிரிவு ஏதும் இல்லை. குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பாலியல் குற்றத்தை எந்த வயதிலும் தெரிவிக்கலாம் என்று சட்ட அமைச்சகத்தின் கருத்தைப் பெற்று மத்திய அரசு 2018இல் விளக்கமும் அளித்தது. காப்பக ஊழியர் செய்யும் கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை மிக அதிகம். அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் மூடிமறைப்பவரிடம் இருக்கிறது. குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவு ஆறு மாதம் வரையும், தம் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறை விதிக்கிறது. இரண்டும் ஓராண்டுக் காலவரம்புக்குள் வரத்தக்கவை. குற்றம் செய்தவரைப் பத்தாண்டு கழித்தும் கூண்டில் நிறுத்தலாம். அதை மறைத்த நிர்வாகி, காலவரம்பைக் காட்டி நழுவிவிடலாம். மறைப்பதே காலத்தை ஓடவிடுவதற்கான வழி என்னும்போது, மறைத்தவருக்கே அக்காலம் பரிசாகிறது.

6. ஒரு கணக்கு

மேற்சொன்னவற்றை ஒரு கற்பனைக் குழந்தையின்மேல் பொருத்திப் பார்ப்போம். அவளுக்கு வயது 11. குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்கிறாள். அதே ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஊரில் அவள் பங்காக இருந்த நிலத்தைக் காப்பாளர் விற்றுவிடுகிறார். சட்டபூர்வ ஆணையின்றி அவளைச் சில வாரம் ஓரறையில் அடைத்துவைக்கிறார்கள். ஒழுங்குக்காக என்று சொல்லிப் பிரம்பால் அடிக்கிறார்கள். அது 82ஆம் பிரிவில் பதிவாகக்கூடியது.

நிலத்தைக் கேட்க அவளுக்கு 21 வயது வரை காலம் உண்டு. அடைத்துவைத்ததற்கு இழப்பீடு கேட்க 19 வயது வரை. அடித்ததற்கு வழக்குத் தொடர, பதினொன்றரை வயது வரை. அந்தப் பதினொன்றரை வயதில் அவள் எங்கே இருப்பாள்? அதே இல்லத்தில், அதே பிரம்பின் அருகில்.

சட்டம் எதை மதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரிசை எனக்குத் தெரியாது.

7. ஆணையங்களின் கதவு

நீதிமன்றம் தவிர வேறு வாசல்களும் உண்டு. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, உரிமை மீறல் நடந்து ஓராண்டு கழிந்தபின் தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ அதை விசாரிக்கலாகாது என்கிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின் என்ன என்று அப்பிரிவு கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டத்தில் அத்தகைய ஓராண்டுத் தடை எழுதப்படவில்லை. ஆனால் வேறோர் ஆணையத்தின் முன் நிலுவையிலுள்ள விவகாரத்தை இவ்வாணையம் விசாரிக்கக்கூடாது. ஆகவே எந்த ஆணையத்துக்கு முதலில் மனு அனுப்புவது என்பது ஒரு சிறு வியூகமாகவே ஆகிவிடுகிறது. அந்த வியூகத்தை வகுக்கவேண்டியவள் அந்தப் பதினொரு வயதுக்காரி.

குழந்தைகள் நலக் குழுவின் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் அதற்குப் பின்னும் ஏற்கலாம். குழுவின் செயல்பாட்டைப் பற்றிய குறையை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க 27ஆம் பிரிவில் காலவரம்பு இல்லை. அப்பிரிவில் மனுச் செய்யக்கூடியவராக ‘குழந்தையோடு தொடர்புடைய எவரும்’ என்று மட்டுமே முதலில் இருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையே முறையிடலாம் என்ற சொற்கள் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. குழந்தைக்கான சட்டத்தில், குழந்தையை முறையீட்டாளராகப் பெயர் சொல்லி அழைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

8. உண்மையில் முறையிட்டவர் யார்?

காலவரம்புச் சட்டங்களின் அடியில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. விழித்திருப்பவருக்கே சட்டம் துணைநிற்கும். தன் உரிமைமேல் படுத்து உறங்குபவருக்கன்று. காப்பகக் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை செல்லுமா என்பதை நடந்த வழக்குகளைக் கொண்டே சோதிக்கலாம்.

1986 வழக்கைக் கொண்டுவந்தவர் ஒரு பத்திரிகையாளர். மும்பைக் கொலாபாவின் ஆங்கரேஜ் காப்பகத்தைப் பற்றி 2001இல் முறையிட்டது சைல்ட்லைன் அமைப்பு. அவ்வழக்கில் 2006இல் தண்டனை, 2008இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் தண்டனை. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் பதிவான வழக்கு 2017 மே மாதம் தீர்ப்பாகி, நாட்டின் எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்யப்படவேண்டும் என்ற ஆணையில் முடிந்தது. பீகாரின் முசாஃபர்பூர்க் காப்பகக் கொடுமையை 2018இல் வெளிக்கொணர்ந்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கை. டெல்லிக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கில் 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

நான்கிலும் முதல் கதவைத் திறந்தது வெளியிலிருந்து வந்த ஒருவர். குழந்தைகள் உறங்கிக் கிடக்கவில்லை. அவர்களின் குரல் வெளியேற வழி இல்லை. குடிமை வழக்கில் குழந்தைக்காக வழக்கிடப் பெரியவர் ஒருவர் முன்வரவேண்டும். வீட்டிலிருக்கும் குழந்தைக்கு அது தாயோ மாமனோ ஆகலாம். காப்பகத்தில் அந்தப் பெரியவர் யார்? பெரும்பாலும் யாரைப் பற்றி முறையிடவேண்டுமோ அவரே. இந்நிலையில் ஓடும் கடிகாரம் குழந்தையின் சோம்பலை அளப்பதில்லை. மதிலின் உயரத்தை அளக்கிறது.

இதை உணர்ந்ததாலோ என்னவோ, உச்ச நீதிமன்றம் 1980களில் நீதிப்பேராணையின் வழியாக ஒரு பக்கவாசலைத் திறந்தது. 1968இல் விடுதலையான பின்னும் 1982 வரை பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷா வழக்கில், 1983இல் அரசமைப்பின் 32ஆம் உறுப்பின் கீழேயே இழப்பீடு வழங்கியது. ஓராண்டு அட்டவணை அங்கே வாயிற்காவலனாக நிற்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் படிக்கட்டு ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் இல்லை.

9. மறுபக்கத்தின் நியாயம்

காலவரம்பே கூடாது என்பது என் நிலைப்பாடன்று. காப்பகங்களில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் குறைந்த ஊதியத்தில் அளவுக்கு மீறிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். இருபது ஆண்டுக்குமுன் ஓர் இரவில் என்ன நடந்தது என்பதற்கு அவர்களிடம் நினைவும் இருக்காது, பதிவேடும் இருக்காது. தற்காத்துக்கொள்ள இயலாத ஒருவரைக் கூண்டில் நிறுத்துவதும் அநீதியே.

இந்த இரு நியாயங்களையும் எடைபோட இங்கிலாந்து ஒரு வழி கண்டது. அங்கே உள்ளாட்சி மன்றங்களின் குழந்தை நலப் பணிகளைப் பற்றி முறையிட, 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தைச் சார்ந்த 2006ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு வரம்பு வைத்துள்ளன. அதை மீறி வந்த முறையீட்டிலும் இரண்டு கேள்விகள் கேட்கப்படலாம். முன்பே வரவேண்டும் என்று இவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா? இப்போதும் இதைப் பயனுள்ள முறையிலும் நேர்மையாகவும் விசாரிக்க முடியுமா? முதல் கேள்வி குழந்தைக்காக, இரண்டாவது ஊழியருக்காக. அலுவலகத்துக்கும் கெடு உண்டு: முதற்கட்டப் பதிலுக்குப் பத்து வேலைநாள், தேவையாயின் இருபது, இரண்டாம் கட்ட விசாரணைக்கு இருபத்தைந்து, மிஞ்சினால் அறுபத்தைந்து. இம்முறை குறையற்றதன்று. ஆனால் காலவரம்பையும் கெடுவையும் ஒரே ஏட்டில் எதிரெதிரே எழுதிவைத்திருப்பதும், விலக்குக்கான கேள்வியைக் குழந்தையின் நிலையிலிருந்து தொடங்குவதும் கவனிக்கத்தக்கவை.

10. இனி

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஐம்பதாண்டுக்குப் பின் குற்றவியல் நடைமுறை முழுதாகத் திருத்தி எழுதப்பட்ட தருணம் அது. காலவரம்பு அத்தியாயத்தில் ஒரு விளக்கம் சேர்ந்தது: முறையீடு தாக்கலான நாளோ, தகவல் பதிவான நாளோதான் கணக்கில் கொள்ளப்படும். 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு சாரா மேத்யூ வழக்கில் கூறியதன் தொடர்ச்சி இது, வரவேற்கத்தக்கது. ஆயினும் கழிக்கப்படும் காலங்களின் பட்டியலில் குழந்தைப் பருவம் இப்போதும் இல்லை. 1859இல் நிலத்துக்குக் கொடுத்த ஒரு வரியை 2023இலும் நாம் உடலுக்குக் கொடுக்கவில்லை.

அந்த ஒரு வரி சேரவேண்டும் என்பது முதல் வேண்டுகோள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டிருந்த காலமும், அவர் அந்த நிறுவனத்திலேயே தங்கியிருந்த காலமும் கழிக்கப்படவேண்டும். இரண்டாவது, சட்டத்திருத்தம் இன்றியே செய்யக்கூடியது. காப்பகத்தைவிட்டு வெளியேறும் இளைஞருக்கு 18 முதல் 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி உண்டு. அந்த நேரத்தில் கையில் தரும் தாள்களோடு, எந்த முறையீட்டுக்கு இன்னும் எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது, யாரிடம் போகவேண்டும் என்று தாய்மொழியில் எழுதிய ஒரு பக்கமும் தரலாம். மூன்றாவது, அந்த வயதைத் தாண்டும்வரையிலாவது காப்பகப் பதிவேடுகள் அழிக்கப்படாமல் இருக்கவேண்டும். பதிவேடு இருந்தால் ஊழியரின் அச்சமும் பாதி தீரும்.

வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். காப்பகங்களின் வரலாறு இங்கே பெரும்பாலும் அறக்கட்டளைகளின் வரலாறாகவோ சட்டங்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. தள்ளுபடி செய்யப்பட்ட முறையீடுகளின் வரலாறு எழுதப்படவேண்டும். ‘காலம் கடந்தது’ என்ற இரண்டு சொற்களோடு மூடப்பட்ட கோப்புகள் மாவட்ட அலுவலகங்களிலும் ஆணையங்களின் அறைகளிலும் இருக்கும். அவற்றின் தேதிகளை மட்டும் எடுத்து, முறையிட்டவரின் பிறந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குக் காலம் தொடங்கும் முன்பே முடிந்துபோயிற்று என்பது தெரியவரும். இத்துறையில் பணிபுரிவோர் தம் மாநிலத்து நடைமுறையைப் பின்னூட்டத்தில் எழுதினால், அனைவருக்கும் பயன்படும்.